நாமா, நாங்களா? - காலநிலைப் புத்தகங்களோடு ஒரு சண்டை

கொஞ்ச நாளா காலநிலை மாற்றம் பற்றிய புத்தகங்களாவே படிச்சுத் தள்ளிக்கிட்டிருக்கேன். நடுநடுவே மூச்சு விடறதுக்கு அறிவியல் புனைகதை. மூச்சு விடன்னு எடுத்ததுலயும் அதே வெயில், அதே வெள்ளம், அதே சாவுதான். வீட்ல, "ஏன் எப்பப் பார்த்தாலும் உம்முன்னு இருக்கே?"ன்னு கேக்கற அளவுக்கு ஆயிடுச்சு. ஆனா இங்க சோகப்பாட்டு பாட வரலை. எனக்கு ஒரு கோபம் இருக்கு, அதைச் சொல்லணும். கோபம் ஒரே ஒரு சின்ன வார்த்தை மேல.

அந்த வார்த்தை 'நாம்'.

எந்தக் காலநிலைப் புத்தகத்தை வேணும்னாலும் திறந்து பாருங்க. நாம் எரித்தோம், நாம் எச்சரிக்கையைக் கேட்கவில்லை, நமக்கு முப்பது வருஷம் இருந்தது, நாம் வீணடித்தோம். பத்துப் பக்கம் படிச்சா போதும், ஏதோ நானே ராத்திரியோட ராத்திரியா எழுந்து போய் ஆர்க்டிக் பனியை உருக்கிட்டு வந்து படுத்த மாதிரி ஒரு குற்ற உணர்ச்சி வந்துடும். :-)

இங்கதான் தமிழ் படிச்சவனுக்கு ஒரு வசதி இருக்கு. ஆங்கிலத்துல 'வீ'ன்னு ஒரே ஒரு சொல். யாரை வேணும்னாலும் அதுக்குள்ள அடைக்கலாம். தமிழ்ல ரெண்டு இருக்கு. கேக்கறவனையும் சேர்த்துக்கிட்டா 'நாம்'. அவனை வெளிய நிறுத்திட்டா 'நாங்கள்'. கல்யாண வீட்டுக்காரர் "வாங்க, நாம சாப்பிடலாம்"னா உங்களுக்கும் ஒரு இலை இருக்கு. "நாங்க சாப்பிடப் போறோம்"னா நீங்க செருப்பைத் தேடலாம். மூணு வயசுக் குழந்தைகூட இதுல குழம்பாது.

ஆங்கிலப் புத்தகம் படிக்கும்போது மனசுக்குள்ள ஒரு தமிழ் ஓடிக்கிட்டே இருக்கும் இல்லையா? அப்படி ஓடும்போது ஒவ்வொரு 'வீ'யிலயும் என் வண்டி நின்னு போகுது. இது நாமா, நாங்களா? இந்தக் கேள்வியோட படிச்சதுல எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் விதி இதுதான்: லாபம் வந்தப்போ 'நாங்கள்'. பழி வந்தப்போ 'நாம்'.

சும்மா ஜல்லியடிக்கலை. உதாரணத்தோட சொல்றேன்.

நதானியேல் ரிச்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர். 'லூசிங் எர்த்'னு ஒரு புத்தகம். 2018-ல நியூயார்க் டைம்ஸ் மேகசின்ல ஒரு முழு இதழையும் அடைச்சுக்கிட்டு வந்துச்சு, 2019-ல புத்தகமாச்சு. 1979-ல இருந்து 1989 வரைக்குமான பத்து வருஷக் கதை. கரியமில வாயு பிரச்னை அறிவியலாளர்களுக்கு நல்லாத் தெரிஞ்சு, அரசியல்வாதிங்களும் காது கொடுத்துக் கேட்டு, ஏதாவது நடந்துடும்னு நம்பிக்கை இருந்த பத்து வருஷம். விறுவிறுப்பா எழுதியிருக்கார், அதுல குறையே சொல்ல முடியாது. 1988 ஜூன் 23-ம் தேதி, கொளுத்தற வெயில்ல, நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் அமெரிக்க செனட் கமிட்டி முன்னாடி உட்கார்ந்து, புவி சூடாகிறது, அது தொடங்கிவிட்டதுன்னு சாட்சி சொல்ற இடமெல்லாம் த்ரில்லர் மாதிரி போகும்.

அடுத்த வருஷம், 1989 நவம்பர்ல, நெதர்லாந்துல நூர்ட்வைக்குங்கற ஊர்ல அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளோட பிரதிநிதிகள் கூடறாங்க. கரியமில வாயு அளவை உறைய வைக்க ஒரு கட்டாய இலக்கு வைக்கலாம்னு பேச்சு. அமெரிக்கா அதைக் கெடுத்துடுது. வெள்ளை மாளிகையில மூத்த புஷ்ஷோட தலைமை அதிகாரி ஜான் சுனுனு. அவருக்கு இந்த அறிவியல் மேலயே நம்பிக்கை இல்லை. அவர் பேரு, அவர் பதவி, அவர் செஞ்ச வேலை எல்லாம் ரிச்சோட புத்தகத்துலயே இருக்கு.

இவ்வளவையும் எழுதிட்டு அவர் வந்து சேர்ற முடிவு? மனித இயல்பு அப்படி. தூரத்துல இருக்கற ஆபத்துக்காக இன்னிக்குத் தியாகம் பண்ண நமக்கு மனசு வராது. நாம்தான் காரணம்.

அட, என்னங்க இது! முந்நூறு பக்கத் துப்பறியும் நாவல் எழுதி, கத்தியோட நின்னவனை நம்ம கண்ணுக்கு முன்னாடி காட்டிட்டு, கடைசி அத்தியாயத்துல "கொலைகாரன் நம் எல்லோர் மனசுக்குள்ளயும் இருக்கான்"னு முடிச்சா எப்படி இருக்கும்? நேயோமி கிளைன் அப்பவே இதைப் பிடிபிடின்னு பிடிச்சாங்க. மனித இயல்பு மேல பழி போடாதீங்க, அந்த 1980-களோட கடைசியில எல்லா ஒழுங்குமுறையையும் அவுத்து விட்டு, சந்தையே சாமின்னு கும்பிட்ட பொருளாதாரம்தான் காரணம்னு எழுதினாங்க. எனக்கு கிளைன் சொல்றது எல்லாத்துலயும் சம்மதம் இல்லை. இந்த இடத்துல சம்மதம்.

ஏன்னா 'நாம்' எல்லாருக்கும் ஒரே நேரத்துல விஷயம் தெரியாது. எக்ஸான் எண்ணெய் நிறுவனத்துல ஜேம்ஸ் பிளாக்னு ஒரு விஞ்ஞானி, 1977-லயே மேலதிகாரிகளுக்கு உட்கார வெச்சு விளக்கியிருக்கார்: பெட்ரோல், நிலக்கரி எரிச்சா பூமி சூடாகும். அந்தக் கம்பெனியோட விஞ்ஞானிங்க போட்ட கணக்குகளை எடுத்து, பிற்பாடு நிஜமா எவ்வளவு சூடாச்சுன்னு ஒப்பிட்டு ஒரு ஆய்வு 2023 ஜனவரியில 'சயின்ஸ்' இதழ்ல வந்துச்சு. அவங்க கணிப்புல 63-ல இருந்து 83 சதவீதம் வரைக்கும் சரியா இருந்திருக்கு. அதாவது வீட்டுக்குள்ள துல்லியமான கணக்கு. வெளியில? 1989-ல ஆரம்பிச்ச குளோபல் கிளைமேட் கோயலிஷன்ங்கற கூட்டமைப்புல உறுப்பினர். பத்திரிகைகள்ல காசு கொடுத்து, அறிவியல் இன்னும் தெளிவாகலைன்னு விளம்பரம்.

1977-ல என் அப்பாவுக்கு இது தெரியுமா? உங்க தாத்தாவுக்குத் தெரியுமா? தெரிஞ்சவங்க ஒரு அறைக்குள்ள இருந்தாங்க. அந்த அறைக்குத் தமிழ்ல பேரு 'நாங்கள்'.

இன்னொரு கூத்து கேளுங்க. 'கார்பன் தடம்'னு ஒரு பதம் இருக்கே, நீ பஸ்ல போனியா, பைக்ல போனியா, கத்தரிக்கா தின்னியா, கறி தின்னியான்னு கணக்குப் போட்டு நம்மளையே நாம் திட்டிக்கறதுக்கு உதவற பதம், அதை ஊர் முழுக்கப் பரப்பினது யாரு? 2000-களோட நடுவுல பிபிங்கற பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனம். விளம்பரம் போட்டு, இணையத்துல கால்குலேட்டரும் வெச்சுக் கொடுத்தாங்க. சாராயக்கடை முதலாளியே வாசல்ல நின்னு, "தம்பி, உன் ஈரலைப் பார்த்துக்கோ"ன்னு அறிவுரை சொன்ன மாதிரி. எக்ஸான்மொபில் வெளியிட்ட விளம்பரங்களையும் அதோட உள்ளறிக்கைகளையும் கம்ப்யூட்டர்ல போட்டு அலசி, ஜெஃப்ரி சுப்ரானும் நேயோமி ஓரஸ்கீஸும் 2021-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மக்களுக்குப் போற எழுத்துல எல்லாம் 'தேவை', 'நுகர்வோர்'ங்கற பேச்சுதான் தூக்கலா இருந்துச்சு. விக்கறவன் காணாமப் போய் வாங்கறவன் மட்டும் மேடையில நிக்கறான்.

சரி, எதிர்க்கேள்வி வரும். நானே கேட்டுக்கறேன். "எண்ணெய் எடுத்தது அவன், ஆனா எரிச்சது நீதானே?" நியாயமான கேள்விதான். 1988-ல இருந்து வந்த தொழில்துறை வாயுக்கள்ல 71 சதவீதம் வெறும் 100 உற்பத்தியாளர்களோட சம்பந்தப்பட்டதுன்னு 2017-ல ஒரு அறிக்கை வந்துச்சு. அதை எல்லாரும் தப்பாவே மேற்கோள் காட்டறாங்க. அந்த 71 சதவீதத்துல பெரும்பகுதி அவங்க வித்த எரிபொருளை மத்தவங்க எரிச்சதால வந்த புகை. அந்த நூறு பேர்ல தனியார் கம்பெனி மட்டும் இல்லை, அரசாங்கங்களும் இருக்கு. நம்ம கோல் இந்தியாவும் இருக்கு. இதையெல்லாம் மறைச்சுட்டு "நூறு முதலாளிதான் வில்லன், நான் யோக்கியன்"னு பேசறது இன்னொரு விதமான சோம்பேறித்தனம்.

ஆனா எரிச்ச கணக்கையே எடுத்துக்கிட்டாலும் 'நாம்' நிக்காது. ஒரு அமெரிக்கருக்கு வருஷத்துக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு. ஒரு இந்தியருக்குச் சுமார் 2 டன். அந்த 2 டன்லயும், முகேஷ் அம்பானியும் மூணாறு தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிக்கிற அம்மாவும் ஒரே சராசரிக்குள்ளதான் உட்கார்ந்திருக்காங்க. உலகத்துல மேல்தட்டு பத்து சதவீதம் பேர்தான் மொத்தப் புகையில ஏறக்குறைய பாதிக்குக் காரணம்னு ஆக்ஸ்ஃபாம் 2015-லயே கணக்குச் சொல்லியாச்சு. வித்தவனைக் கேட்டாலும் பேர் இருக்கு, எரிச்சவனைக் கேட்டாலும் பேர் இருக்கு. 'மனிதகுலம்'ங்கற பேர்ல மட்டும் ஆளே இல்லை.

இப்ப கதைப் புத்தகத்துக்கு வர்றேன்.

அமிதவ் கோஷோட 'தி கிரேட் டிரேஞ்ச்மென்ட்' (2016) படிச்சிருப்பீங்க. இல்லைன்னா படிங்க, சின்னப் புத்தகம்தான். 1978 மார்ச்ல டெல்லியில ஒரு சூறாவளிச் சுழல்ல மாட்டிக்கிட்டுத் தப்பினவர் அவர். அவ்வளவு பெரிய அனுபவத்தைத் தன்னோட எந்த நாவல்லயும் வைக்க முடியலை, வெச்சா நம்பற மாதிரி இருக்காதுங்கறார். அங்க இருந்து ஆரம்பிச்சு, 'சீரியஸ்' இலக்கியம் ஏன் காலநிலையைத் தொடவே மாட்டேங்குது, தொட்டா உடனே ஏன் அதை அறிவியல் புனைகதைன்னு முத்திரை குத்திப் புறக்கடைக்கு அனுப்பிடுதுன்னு கேக்கறார். நவீன நாவல் தனிமனுஷனோட மனசுக்குள்ளயே சுத்திக்கிட்டிருக்கு, கூட்டு வாழ்க்கையைத் தொலைச்சுடுச்சுங்கறதும் அவரோட குற்றச்சாட்டு.

பாதி ஒத்துக்கறேன். மீதிப் பாதியில ஒரு தகராறு. கூட்டு வாழ்க்கை நாவல்ல இல்லாதது பிரச்னைன்னா, கட்டுரைப் புத்தகங்கள்ல அது அளவுக்கு மேல வழியுதே, அதை என்ன பண்றது? கட்டுரையில 'நாம்'னு எழுதிட்டு நகர்ந்துடலாம். கதையில முடியாது. கதையில ஒரு தண்ணிக் குழாயை மூடணும்னா ஒரு கை வேணும். அந்தக் கைக்கு ஒரு பேர் வேணும், சம்பளம் வேணும், மேல ஒரு அதிகாரி வேணும். குழாய்க்கு அந்தப் பக்கம் குடத்தோட ஒருத்தி நிக்கணும். 'மனிதகுலம் குழாயை மூடியது'ன்னு எழுதினா எந்த வாசகனும் புத்தகத்தை மூடிட்டுப் போயிடுவான்.

அதனாலதான் நம்ம இலக்கியவாதிகள் "அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்"னு ஒதுக்கற அறிவியல் புனைகதை, இந்த விஷயத்துல கட்டுரைகளை விட நேர்மையா இருக்குன்னு சொல்றேன்.

ஆக்டேவியா பட்லரோட 'பாரபிள் ஆஃப் தி சோயர்' 1993-ல வந்தது. கதை தொடங்கறது 2024 ஜூலையில. கலிஃபோர்னியாவுல மழை அத்தி பூத்தாப்ல. தண்ணி விலை பெட்ரோலை விட பல மடங்கு. வசதியுள்ளவங்க சுவர் எழுப்பிக்கிட்டு உள்ள உட்கார்ந்திருக்காங்க. லாரன்னு ஒரு பதினஞ்சு வயசுக் கறுப்பினப் பொண்ணு டைரி எழுதறா. எனக்கு இதுல மறக்கவே முடியாத இடம் தீ வைக்கிற காட்சிகளோ கொலைகளோ இல்லை. ஆலிவார்னு ஒரு கடலோரச் சின்ன ஊர். கடல் கரையை அரிக்குது, ஊர்க்காரங்ககிட்ட காசு இல்லை. ஒரு பெரிய கம்பெனி வருது: "பாதுகாப்பு நாங்க தர்றோம், தண்ணி நாங்க தர்றோம், வேலை நாங்க தர்றோம். சம்பளம் மட்டும் கொஞ்சம் குறைச்சல்." ஊரே கையெழுத்துப் போடுது. அந்தச் சம்பளத்துல வாழ முடியாம கம்பெனிக்கே கடன்பட்டு அடிமையாகப் போறாங்கன்னு அந்தப் பொண்ணோட அப்பாவுக்குப் புரியுது. இதைப் படிச்சப்புறம் 'காலநிலை மாற்றத்துக்கு ஏற்ப நாம் தகவமைத்துக் கொள்வோம்'னு எந்த அறிக்கையில பார்த்தாலும் எனக்கு ஆலிவார்தான் ஞாபகம் வருது. யாரு தகவமைக்கிறா, யாரு விலையை நிர்ணயிக்கிறா?

2025 ஜனவரியில லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துல ஆல்டடீனா ஊரே எரிஞ்சுச்சு. பட்லர் பல வருஷம் வாழ்ந்த ஊர், அவங்க கல்லறை இருக்கற ஊர். உடனே எல்லாரும் "தீர்க்கதரிசி, தீர்க்கதரிசி"ன்னு ஆரம்பிச்சாங்க. எனக்கு அது எரிச்சலா இருந்துச்சு. தீர்க்கதரிசின்னு சொல்லிட்டா அவங்களுக்கு ஏதோ அருள்வாக்கு வந்த மாதிரி ஆயிடும். அந்தம்மா அப்போ கண்ணெதிர்ல நடந்ததைக் கூர்ந்து பார்த்தாங்க, யாரு யாரை ஏய்க்கறாங்கன்னு கவனிச்சாங்க, கணக்கை முப்பது வருஷம் முன்னாடி இழுத்தாங்க. அவ்வளவுதான். கஷ்டமான வேலை, ஆனா மந்திரம் இல்லை.

அடுத்து கிம் ஸ்டான்லி ராபின்சனோட 'தி மினிஸ்ட்ரி ஃபார் தி ஃபியூச்சர்' (2020). முதல் அத்தியாயம் நம்ம நாட்டுலதான் நடக்குது. உத்தரப் பிரதேசத்துல ஒரு ஊர். கடும் வெயில், கூடவே ஈரம். கரண்ட் போகுது. ஜனங்க ஏரிக்குள்ள இறங்கறாங்க. ஏரித் தண்ணியே உடம்புச் சூட்டை விட அதிகமா இருக்கு. விடியும்போது கிட்டத்தட்ட எல்லாரும் பிணம். அந்த வெப்ப அலையில மொத்தம் ரெண்டு கோடிப் பேர் செத்துப் போறாங்க.

இதுக்குப் பின்னாடி இருக்கற அறிவியலை நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதே இல்லை. நாம அதைப் 'புழுக்கம்'னு சொல்றோம். வெப்பமானியோட குமிழ்ல ஈரத்துணி சுத்திப் பார்க்கிற அளவு, ஈரக்குமிழ் வெப்பநிலை. அது 35 டிகிரியைத் தொட்டா வியர்வை ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கவே முடியாது. நிழல்ல உட்கார்ந்து தண்ணி குடிச்சுக்கிட்டே இருந்தாலும் சில மணி நேரத்துல சாவு. 2010-ல ஷெர்வுட், ஹ்யூபர்னு ரெண்டு பேர் இந்த எல்லையைச் சொன்னாங்க. 2022-ல அமெரிக்காவுல ஆரோக்கியமான இளைஞர்களை வெச்சுச் சோதிச்சதுல, ஈரமான காற்றுல சுமார் 31 டிகிரியிலயே உடம்பு தடுமாற ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சுது. இளைஞனுக்கே 31-ன்னா, கட்டடத்துல சித்தாள் வேலை பார்க்கிற அம்பது வயசு அம்மாவுக்கு?

ராபின்சன் கதையில, ரெண்டு கோடிப் பேரைப் பறிகொடுத்த இந்தியா உலகத்துக்கிட்ட அனுமதி கேக்காம விமானத்துல கந்தக டை ஆக்சைடைக் கொண்டுபோய் வானத்துல தூவுது. 1991-ல பிலிப்பைன்ஸ்ல பினாடுபோ எரிமலை வெடிச்சப்போ உலகம் அரை டிகிரி கிட்ட குளிர்ந்தது இல்லையா, அதே தந்திரம். மத்த நாடுங்க எல்லாம் "ஒப்பந்தம், ஒப்பந்தம்"னு கத்துது. அங்கதான் எனக்கு விசில் அடிக்கணும் போல இருந்துச்சு. அதுவரைக்கும் 'நாம்' 'நாம்'னு பேசின உலகத்துக்கு முன்னாடி முதல்முறையா ஒரு நாடு எழுந்து 'நாங்கள்'னு சொல்லுது. செத்தது நாங்கள். தூவறது நாங்கள். சரியா தப்பாங்கறது வேற விஷயம். குறைஞ்சபட்சம் யார் பேசறாங்கன்னு தெரியுது.

அதே புத்தகத்துல ஒரு குத்தமும் இருக்கு. அந்த ஏரியில இருந்து உயிரோட வெளிய வர்றது யாரு? ஃபிராங்க்னு ஒரு அமெரிக்கர், உதவி செய்ய வந்தவர். அவரோட கனவு, அவரோட கோபம், அவரோட சிகிச்சைன்னு நாவல் பூரா அவர் கூடவே போகுது. அந்த ஊர்க்காரங்கள்ல ஒருத்தருக்காவது அந்த இடம் கிடைச்சிருக்கலாம். ஏரி நம்முது, பிணம் நம்முது, மனக்காயம் மட்டும் அமெரிக்கருக்கா? முதல் அத்தியாயத்துல பேர் வெச்சு எழுதறவரே, ரெண்டாவது அத்தியாயத்துல பழையபடி நம்மளைக் கூட்டமாக்கிடறார். நல்ல மனுஷன், நல்ல புத்தகம். அதனாலதான் கேக்கறேன்.

எல்லா அறிவியல் புனைகதையும் ஒசத்தின்னு சொல்ல வரலை. 2014-ல வந்த 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தை எடுத்துக்கோங்க. பயிர் எல்லாம் நோய் வந்து சாகுது, புழுதிப் புயல் அடிக்குது. யாரால? மூச்! தீர்வு? விண்கலம் ஏறி வேற இடம் பார்க்கறது. பூமி மேல பழி, தப்பிச்சவனுக்குக் கைதட்டல். படத்துல இசை பிரமாதம், அப்பா-மகள் சென்டிமென்ட்டுல நானும் கண் கலங்கினவன்தான். ஆனா 'மனிதகுலம்'ங்கற திரைக்குப் பின்னாடி ஒளியறதுல அது காலநிலைக் கட்டுரைகளுக்கு அண்ணன்.

இந்த இடத்துல சுஜாதாவை விட்டுட்டுப் போனா சாமி கண்ணைக் குத்தும். 'என் இனிய இயந்திரா'வுல நாட்டையே ஆட்டிப் படைக்கிற ஜீவா யாருன்னு ஞாபகம் இருக்கா? (படிக்காதவங்க அடுத்த ரெண்டு வரியைத் தாண்டிடுங்க.) ஆளே கிடையாது. வெறும் ஹோலோகிராம் பிம்பம். ஜனங்க பயந்து கும்பிட்டது ஒளியால ஆன ஒரு உருவத்தை. ஆள்றவங்க அதுக்குப் பின்னாடி. 'மனிதகுலம்', 'நாம்' எல்லாம் எனக்கு அந்த ஜீவா மாதிரிதான் தெரியுது. பின்னாடி போய்ப் பார்க்க நிலாவும் ஜீனோவும் மாதிரி ரெண்டு பேர் வேணும். அந்த நாய்க்குட்டி கேக்கற மாதிரி குறும்பாக் கேள்வி கேட்டாலே போதும், பாதி பிம்பம் கலைஞ்சுடும்.

"சரிப்பா, இதெல்லாம் வெள்ளைக்காரன் புத்தகச் சண்டை, நமக்கென்ன?"ங்கறீங்களா? இந்த 'நாம்' வியாதி நம்ம தமிழ்லயும் நல்லாவே பரவியிருக்கு. 2015 சென்னை வெள்ளத்தை எடுத்துப்போம்.

டிசம்பர் 1-ம் தேதி தாம்பரத்துல ஒரே நாள்ல சுமார் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியில இருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் தண்ணி திறந்து விட்டாங்க. அடையாறு ஊருக்குள்ள வந்துச்சு. அடுத்த சில வாரம் டீக்கடையில இருந்து டிவி வரைக்கும் ரெண்டே வாக்கியம்தான்: "காலநிலை மாறிடுச்சு", "நாம் இயற்கையை அழிச்சோம், இயற்கை நம்மைத் தண்டிச்சுது."

அப்புறம் ரெண்டு விஷயம் வந்துச்சு. காலநிலை விஞ்ஞானிகள் ஒரு குழுவா உட்கார்ந்து அந்த ஒருநாள் மழையை ஆராய்ஞ்சாங்க. புவி சூடானதால அந்த மழைக்கான வாய்ப்பு கூடினதா அவங்களால கண்டுபிடிக்க முடியலை. 2018-ல மத்திய தணிக்கைத் துறை அறிக்கை வந்துச்சு. ஏரித் தண்ணியைத் திறந்த விதம், ஆக்கிரமிப்பு எல்லாத்தையும் பட்டியல் போட்டு, இது மனிதர்கள் உண்டாக்கின பேரழிவுன்னு சொல்லுச்சு. மனிதர்கள்னா எந்த மனிதர்கள்? அனுமதி கொடுத்த கையெழுத்து ஒண்ணு இருக்கும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல மண் கொட்டின லாரிக்கு ஒரு நம்பர் இருக்கும். ஆனா வெள்ளம் வடிஞ்சதும் இடிச்சது எதைத் தெரியுமா? கூவம், அடையாறு கரையோரக் குடிசைகளை. அந்த ஜனங்களைக் கொண்டுபோய் பெரும்பாக்கத்துல அடுக்குமாடியில வெச்சாங்க. பெரும்பாக்கம் எங்க இருக்கு? அதே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தோட ஓரத்துல! மழை வந்தா அங்கயும் தண்ணி நிக்குது. 'நாம் ஆக்கிரமித்தோம்'னு பொதுவாச் சொன்னோம், தண்டனை கொடுக்கும்போது மட்டும் ஆளைத் தேர்ந்தெடுத்தோம்.

எண்ணூர்ப் பக்கம் போனீங்கன்னா இது இன்னும் பளிச்சுன்னு தெரியும். சென்னை பூரா ஏசி ஓடறதுக்கு மின்சாரம். அனல் மின் நிலையத்தோட சாம்பல் கொசஸ்தலை ஆத்துல. இறால் பிடிச்சுப் பிழைச்ச மீனவர் காலடியில சாம்பல் சேறு. அவர்கிட்ட போய், "நாம் எல்லோரும் ஒரே படகில் பயணிக்கிறோம்"னு சொல்லிப் பாருங்களேன். நிஜமாவே படகு வெச்சிருக்கறவர் அவர் ஒருத்தர்தான். :-)

கடைசியா ஒரு நியாயமான ஆட்சேபம். "இப்படி நாங்க, நீங்கன்னு பிரிச்சுக்கிட்டே போனா எப்பதான் ஒண்ணு சேர்றது? பூமி ஒண்ணுதானே?"

சேரணும்தான். ஆனா 'நாம்' வாசல்ல வெச்சிருக்கற கோலம் இல்லை, எடுத்த எடுப்புல போட்டுக்கறதுக்கு. கணக்கு முடிச்சப்புறம் கிடைக்கிற சொல் அது. ஓசோன் ஓட்டை விஷயத்துல என்ன நடந்துச்சு பாருங்க. 1974-ல மோலினா, ரோலண்ட் ரெண்டு பேரும், குளிர்சாதனப் பெட்டியிலயும் ஸ்ப்ரே டப்பாவுலயும் இருக்கற குளோரோஃபுளோரோ கார்பன் ஓசோனைத் தின்னுதுன்னு சொன்னாங்க. அமெரிக்காவுல ஜனங்க ஸ்ப்ரே வாங்கறதைக் குறைச்சாங்க, நல்லது. ஆனா வேலை அதோட முடியலை. 1978-ல அந்த நாட்டு அரசாங்கம் ஸ்ப்ரேயில அதைப் போடக்கூடாதுன்னு தடை போட்டுச்சு. 1987-ல மான்ட்ரியல் ஒப்பந்தம். எந்தெந்த வாயு, எவ்வளவு குறைக்கணும், எந்தத் தேதிக்குள்ளன்னு பட்டியல். வளரும் நாடுகளுக்குத் தனி அவகாசம், பின்னாடி தனி நிதி. அதுவரைக்கும் எதிர்த்துக்கிட்டிருந்த டூபாண்ட் கம்பெனி 1988-ல உற்பத்தியை நிறுத்தறோம்னு இறங்கி வந்துச்சு. இன்னிக்கு ஓசோன் படலம் மெல்ல மெல்ல ஆறிக்கிட்டு வருது. 'மனிதகுலமே, உன் அக்குள் நாற்றத்துக்காக வெட்கப்படு'ன்னு யாரும் புத்தகம் எழுதி இது நடக்கலை. தயாரிக்கிறவன் பேரைச் சொன்னாங்க, பொருளோட பேரைச் சொன்னாங்க, தேதி வெச்சாங்க. அதுக்கப்புறம்தான் உலகம் பூரா 'நாம்'னு சொல்லிக்கிற தகுதி வந்துச்சு.

அதனால இனிமே காலநிலைப் புத்தகம் எடுத்தா கையில ஒரு பென்சில் வெச்சுக்கோங்க. 'வீ' வர்ற ஒவ்வொரு இடத்துலயும் ஓரத்துல எழுதுங்க: நாமா, நாங்களா? 'நாங்கள்'னா, எந்த நாங்கள்? தமிழ்ல மொழிபெயர்க்கிற நண்பர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். உங்க மொழி உங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுது, ஆங்கிலத்துக்காரருக்கு இல்லாத பாக்கியம் அது. கண்ணை மூடிக்கிட்டு எல்லா இடத்துலயும் 'நாம்' போட்டுடாதீங்க. அப்படிப் போட்டா 1977-ல அந்த அறைக்குள்ள இருந்தவங்களோட பாவத்துல ஒரு பங்கை எண்ணூர் மீனவர் தலையில இறக்கி வைக்கறீங்கன்னு அர்த்தம்.

கதை எழுதறவங்களுக்கும் ஒண்ணு. தமிழ்ல புழுக்கத்தைப் பற்றி, தண்ணி லாரியைப் பற்றி, சாம்பல் ஆத்தைப் பற்றி அறிவியல் புனைகதை எழுதுங்க. யாரும் சிரிச்சாச் சிரிக்கட்டும். குழாயை மூடற கைக்கு மட்டும் மறக்காம ஒரு பேர் வெச்சுடுங்க.